பிச்சாவரம் இருளர்களோடு சூழலியல் ஆய்வு: கேள்வித்தாளா, குழு விவாதமா?

புதுச்சேரியில் முதுகலை படிக்கும் ஒரு மாணவர் கேட்டிருக்கிறார்: கடலூர் மாவட்டத்தில் கிள்ளை, பிச்சாவரம் பக்கத்து இருளர் பழங்குடிக் குடியிருப்புகளில் அலையாத்திக் காட்டை (உப்பங்கழியில் வளரும் சதுப்புக் காடு) பற்றி ஆய்வு செய்ய வேண்டும், கைவசம் மூன்று மாதம், கேள்வித்தாள் கொடுப்பதா, குழு விவாதம் நடத்துவதா, எத்தனை பேரைக் கேட்டால் போதும்? பார்த்தால் ஆய்வுமுறை பற்றிய கேள்வி. ஆனால் அவர் உண்மையில் கேட்பது, தன்னை இதுவரை பார்த்திராத மக்களிடமிருந்து, குறுகிய காலத்தில், தேர்வாளர் மறுக்க முடியாத தரவை எப்படிப் பெறுவது என்பதுதான். அதற்கு நேரடியான பதில் உண்டு, கடைசியில் சொல்கிறேன். முன்னால் சொல்ல வேண்டியவை சில இருக்கின்றன. பரங்கிப்பேட்டை, கிள்ளைக் கழிமுகத்தில் மீனும் காடும் தொடர்பான களப்பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். சொல்வதெல்லாம் கடலோர இருளர்களைப் பற்றியது. நீலகிரி இருளர்களுக்குத் தனி மொழி உண்டு, நிலமும் வேறு. இதை அங்கே அப்படியே தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

உறுதியாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன். பிச்சாவரம் காட்டின் ஒரு பகுதி நெடுங்காலம் மரமின்றி மொட்டையாகக் கிடந்தது. அக்கம்பக்கத்து மக்கள் விறகு வெட்டியதும் மாடு மேய்த்ததும்தான் காரணம் என்று எல்லோரும் நம்பினார்கள். 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே செய்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. வெள்ளையர் காலத்தில் தொடங்கிய ஒரு வழக்கம்: காட்டைத் துண்டுகளாகப் பிரித்து, சுழற்சி முறையில் ஒவ்வொரு துண்டையும் அடியோடு வெட்டி எடுப்பது. மரம் போனதும் சேறு வெயிலில் காய்ந்து தாழ்ந்தது. தரை தொட்டி வடிவில் குழிந்தது. ஓதம் (கடல்நீரின் ஏற்றவற்றம்) ஏறும்போது உள்ளே வந்த நீர், வற்றும்போது வெளியேற வழியில்லாமல் தேங்கி ஆவியானது. உப்பு மண்ணிலேயே தங்கி, அளவுக்கு மீறிப் போனதால் கன்று எதுவும் பிழைக்கவில்லை. நோய் தெரிந்ததும் மருந்து எளிதாகக் கிடைத்தது. மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி நீரோட்டத்தை மீட்டார்கள். வாய்க்கால் சரிவில் வெண்கண்டல் முதலான அலையாத்தி மரக் கன்றுகளை நட்டார்கள். வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து பராமரித்தார்கள். காடு திரும்பி வந்தது.

இப்போது எண்ணிப் பாருங்கள். 1980களில் ஒரு மாணவர் 'மாதம் எத்தனை கட்டு விறகு வெட்டுகிறீர்கள்?' என்ற கேள்வித்தாளோடு அங்கே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எண் கிடைத்திருக்கும், அட்டவணை வந்திருக்கும், புள்ளியியல் சோதனையும் தேறியிருக்கும், பட்டமும் கிடைத்திருக்கும். முடிவு மட்டும் தவறாக இருந்திருக்கும். கேள்வித்தாளுக்குப் பதில் குழு விவாதம் நடத்தியிருந்தாலும் அதே கதிதான். குற்றவாளி யார் என்பதைக் கேள்வியே முன்கூட்டித் தீர்மானித்துவிட்டது. அதற்குப் பிறகு எந்த முறையாலும் அதைக் காப்பாற்ற முடியாது. ஆகவே முறையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் உங்கள் கேள்வியை அந்த மக்களிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். 'இதைத்தான் கேட்கப் போகிறேன், இதில் என்ன பிசகு?' என்று கேளுங்கள். என் அனுபவத்தில் இந்த ஒரு படியைச் செய்தவர்களின் ஆய்வுத் தலைப்பு பெரும்பாலும் மாறியிருக்கிறது, அதுவும் நல்லபடியாக. (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் பிச்சாவரம் 2022இல் சேர்ந்த பிறகு உங்கள் தலைப்பில் அந்தச் சொல் இருக்கும் என்று பந்தயமே கட்டுவேன். இருக்கட்டும், தவறில்லை. குடியிருப்பில் உள்ளவருக்கு அது எதைக் குறிக்கிறது என்பதையும் ஒரு கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள்.)

அப்படிக் கேள்வியைக் காட்டும்போது அந்த மக்கள் உங்களிடம் பேசப்போவது காட்டைப் பற்றியதாக இல்லாமலும் போகலாம். சாதிச் சான்றிதழ், மனைப்பட்டா, எந்த வாய்க்காலில் இறங்கலாம், இறாலுக்கு வியாபாரி தரும் விலை: இவைதான் முதலில் வரும். தமிழ்நாட்டில் பழங்குடிச் சான்றிதழைக் கோட்டாட்சியர் நிலையில் வழங்குகிறார்கள். அதற்காக வருடக்கணக்கில் அலைந்த குடும்பங்கள் இந்தக் கரையோரத்தில் உண்டு. புதுச்சேரியில் இருளர் அட்டவணைப் பழங்குடியாக அறிவிக்கப்பட்டதே 2016இல்தான். காகிதக் கட்டோடு பேண்ட் போட்டுக்கொண்டு ஒருவர் வந்தால், சான்றிதழ் விஷயமாகத்தான் வந்திருக்கிறார் என்று நினைப்பது இயல்பு. அந்த நினைப்பை முதல் நாளிலேயே கலைத்துவிடுங்கள். உங்களால் என்ன செய்து தர முடியாது என்பதைத் தெளிவாகச் சொன்னால் சிலர் எழுந்து போய்விடுவார்கள். போகட்டும். எதிர்பார்ப்போடு உட்கார்ந்திருப்பவர் உங்களுக்குப் பிடித்த பதிலைத் தருவார், அந்தத் தரவு எதற்கும் உதவாது.

ஒப்புதலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உங்கள் பல்கலைக்கழக நெறிமுறைக் குழு ஒப்புதல் படிவம் கேட்கும், கையெழுத்தோ கைநாட்டோ வேண்டும் என்று சொல்லும். வட தமிழகத்தில் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் மரம் வெட்டும் இடங்களிலிருந்தும் கொத்தடிமைகளாக மீட்கப்பட்டவர்களில் இருளர்கள் ஏராளம். 1976இல் கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்த பிறகும் இது தொடர்ந்திருக்கிறது. முன்பணத்துக்கு வைத்த கைநாட்டு தலைமுறையைக் கட்டிப்போட்ட சமூகத்தில், முன்பின் தெரியாதவர் நீட்டும் காகிதத்தில் கட்டைவிரல் பதிக்கச் சொல்வது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். நெறிமுறைக் குழுக்கள் பல, சாட்சி முன்னிலையில் வாய்மொழியாகப் பெறும் ஒப்புதலையும் ஏற்கின்றன. முன்கூட்டியே காரணம் எழுதி விண்ணப்பியுங்கள். ஒருமுறை 'சரி' என்று சொன்னதைக் கடைசிவரை செல்லுபடியாகும் சீட்டாக எண்ண வேண்டாம். படம் எடுக்கும்போது தனியாகக் கேளுங்கள், குரலைப் பதிவு செய்யும்போது தனியாகக் கேளுங்கள், காட்டுக்குள் கூட வரும்போது மறுபடியும் கேளுங்கள். 'இன்று முடியாது, நாளை வாருங்கள்' என்று மூன்று முறை சொன்னால் அது மறுப்பு. மரியாதைக்காக நேரில் சொல்லவில்லை, அவ்வளவே.

தனிநபர் ஒப்புதலோடு சமூகத்தின் ஒப்புதலும் வேண்டும் என்பது இன்று உலகளவில் ஏற்கப்பட்ட நெறி. 2007ஆம் ஆண்டின் ஐ.நா. பழங்குடிகள் உரிமைப் பிரகடனம், வற்புறுத்தலின்றி, முன்கூட்டியே, முழு விவரம் அறிந்து தரும் ஒப்புதலைப் பேசுகிறது. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது, கூடவே இந்தியர் அனைவரும் பூர்வகுடிகளே என்ற நிலைப்பாட்டையும் வைத்துக்கொண்டது. ஆகவே இங்கே நடைமுறையில் கைகொடுப்பவை நம் சட்டங்கள்தான், முக்கியமாக 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமும் அது கிராம சபைக்குத் தரும் இடமும். கையேடுகள் எல்லாம் 'கிராம சபையில் ஒப்புதல் பெறுக' என்று எழுதிவிடுகின்றன. கிள்ளை ஒரு பேரூராட்சி. ஊராட்சிகளில் கூடுவது போன்ற கிராம சபை அங்கே கிடையாது. புதுச்சேரிப் பக்கம் போனால், 2006இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் வென்றவர்களின் பதவிக்காலம் முடிந்த பிறகு ஆண்டுக்கணக்கில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே இல்லாத பஞ்சாயத்துகள். கிராம சபை உள்ள ஊராட்சியில்கூட இருளர்கள் ஓரத்தில் சில வீடுகளாக இருப்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் கைதூக்கிய தீர்மானத்தை இருளர்களின் ஒப்புதல் என்று எழுதினால் அது பொய். அவர்கள் குடியிருப்பிலேயே, அவர்களுக்குத் தோதான நேரத்தில், தனியாக ஒரு கூட்டம் போடுங்கள். பெண்களோடு தனியாக இன்னொன்றும் வேண்டும்.

'சமூகம்' என்று நாம் சுலபமாகச் சொல்வது எவ்வளவு சிக்கலானது என்பதற்குக் கேரளத்துக் காணிகளின் கதை போதும். அகத்தியமலைப் பகுதியில் காணி பழங்குடியினர் 1987இல் ஆய்வாளர்களுக்குக் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்து திருவனந்தபுரத்துத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு உரிமம் தரப்பட்டது. பத்து லட்சம் ரூபாய் உரிமக் கட்டணம், விற்பனையில் இரண்டு சதவீதப் பங்கு. அதில் பாதி காணிகளுக்கு. 1997இல் அதற்கென அறக்கட்டளையும் அமைந்தது. உலகமெங்கும் இதை முன்மாதிரி என்று பாராட்டினார்கள். ஆனால் செடியைக் காட்டியவர்கள் சிலர், அறிவோ பல குடியிருப்புகளில் பரவியிருந்தது. எங்களைக் கேட்காமல் எப்படி என்று மற்றப் பகுதிக் காணிகள் எதிர்த்தார்கள். பணம் வந்த பிறகு இதற்கு விடை தேடுவது கடினம். உங்களுக்கு வழிகாட்டியாக வரும் முதல் மனிதரோ, அவரை அறிமுகப்படுத்திய தொண்டு நிறுவனமோ அந்தக் குடியிருப்பு முழுவதற்கும் பேச முடியாது என்பதை முதல் நாளே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிக் களத்துக்கு வருகிறேன். உங்கள் நாட்காட்டி ஓதத்தைப் பார்த்து அமைய வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றவற்றம் பெரிது, அட்டமி நவமியை ஒட்டிச் சிறிது. இந்தக் கரையில் மொத்த ஏற்றமே ஒரு மீட்டருக்குள்தான் என்பதால் அந்தச் சிறு வித்தியாசம்தான் தொழிலைத் தீர்மானிக்கிறது. இங்கே பல இருளர்கள் வலையில்லாமல், ஆழம் குறைந்த வாய்க்காலில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். பெண்களும் இதைச் செய்கிறார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறியை (பனையோலைக் கூடை) வாயில் கவ்விக்கொள்வதுண்டு. அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று பேட்டி எடுக்கலாம் என்று ஒரு ஆய்வுத் திட்டத்தில் எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். பறியை யார் பிடித்துக்கொள்வது என்று எழுதவில்லை. தொழில் நேரத்தில் கூடப் போய்ப் பாருங்கள், கேள்வியைக் கரைக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் திதியில் எந்த நேரம் வீட்டில் இருப்பார்கள் என்பதையும் அவர்களே சொல்லட்டும்.

'உங்கள் வயது என்ன, எந்த ஆண்டிலிருந்து இறால் குறைந்தது' என்ற கேள்விகளால் பயனில்லை. ஆண்டுகளை நிகழ்ச்சிகளோடு கட்டுங்கள். 2004 சுனாமி, 2011 டிசம்பர் கடைசியில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், 2015 வெள்ளம், 2020 நிவர் புயல்: இவை இந்தக் கரையில் எல்லோருக்கும் நினைவில் இருக்கும் ஆணிகள். 'தானேவுக்கு முன்னாலா, பின்னாலா?' என்று கேட்டால் நம்பகமான பதில் வரும். அளவையும் அப்படித்தான். கிலோவில் கேட்டால் உத்தேசமாக ஒரு எண் கிடைக்கும். பறிக்கணக்கில் கேட்டுவிட்டு, சில நாட்கள் நீங்களே தராசில் நிறுத்துப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். விலையைப் பற்றி வியாபாரி பக்கத்தில் இருக்கும்போது கேட்காதீர்கள். முன்பணம் வாங்கியவர் என்ன பதில் சொல்வார் என்று ஊகிக்க ஆராய்ச்சி தேவையில்லை.

குழு விவாதத்துக்கு ஒரு பயன் உண்டு: பருவ நாட்காட்டி, வாய்க்கால்களின் பெயர், எந்தக் காலத்தில் எது கிடைக்கும் போன்ற பொது அறிவைத் திரட்ட அதுவே சிறந்தது. ஒருவர் சொல்வதை இன்னொருவர் திருத்துவார். வருமானம், கடன், சண்டை, காட்டில் செய்யும் தடைசெய்யப்பட்ட வேலை ஆகியவற்றுக்கு அது உதவாது. உரக்கப் பேசுபவரின் கருத்து எல்லோருடையதாகப் பதிவாகும். தரையில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போடச் சொல்லி, படம் எடுத்துக்கொண்டு, பிறகு அந்தப் பக்கமே தலைகாட்டாமல் போவதையும் 'பங்கேற்பு முறை' என்கிறார்கள். வரைபடத்தில் ஒரு பிரதி அவர்களிடம் இல்லையென்றால் பங்கேற்றது யார் என்று எனக்குப் புரியவில்லை.

ஐயத்துக்குரிய பகுதிக்கு வருகிறேன். மக்கள் சொல்வதெல்லாம் சரி என்று எடுத்துக்கொள்வதா? இல்லை. பரங்கிப்பேட்டைக் கரையில் 18 குப்பங்களை ஒப்பிட்ட 2005ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, சுனாமியின்போது அலையாத்திக் காடு உயிர்ச்சேதத்தைக் குறைத்தது என்றது. ஊர் மக்களும் அதையே சொல்கிறார்கள்: காடுதான் எங்களைக் காப்பாற்றியது. அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே தரவை மறுபடி அலசி, கடலிலிருந்து எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம் என்ற இரண்டுமே வேறுபாட்டின் பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன, காட்டின் பங்கு அதில் தனியாகத் தெரியவில்லை என்றார்கள். காடு பொதுவாக உயரமான, உள்ளடங்கிய இடத்துக்கு முன்னால் இருக்கிறது என்பதால் இரண்டையும் பிரிப்பது கடினம். இந்த விவாதம் இன்றும் முழுதாக முடியவில்லை. ஆனால் நீர் எந்த வழியாக வந்தது, எங்கே வேகம் தணிந்தது, யார் எந்த மரத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்று கண்ணால் கண்டவர்கள் சொல்வது வேறு வகைச் சான்று. அதை அப்படியே பதிவு செய்யுங்கள். அதிலிருந்து 'ஆகவே காடு இத்தனை உயிரைக் காத்தது' என்று முடிவுக்குத் தாவுவது நீங்கள் செய்யும் வேலை, அதன் பொறுப்பும் உங்களுடையது. பழங்குடி அறிவு என்று மேடையில் வைத்துக் கும்பிடுவதும், நம்பிக்கை என்று ஒதுக்குவதும் சோம்பேறித்தனத்தின் இரு வடிவங்கள். அவர்கள் சொல்வதை வேறு இருவரிடம் கேட்டு, நேரில் பார்த்து, அளந்து சரிபாருங்கள். பேராசிரியர் சொல்வதையும் அப்படியே.

மக்களே அளப்பதற்கு நம் மாவட்டத்திலேயே முன்னுதாரணம் இருக்கிறது. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றிய கிராமங்களில் 2004இல் ஊர்க்காரர்கள் பயிற்சி பெற்று, எந்த நாள், எந்த நேரம், எந்தத் திசைக் காற்றில், என்ன வாடை வந்தது என்று குறித்துவந்தார்கள். வாளியைக் கொண்டு செய்த எளிய கருவியால் காற்று மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அவர்கள் பழங்குடிகள் அல்லர், பிரச்சினையும் வேறு. ஆனால் மூக்கால் அறிந்ததை நேரத்தோடும் திசையோடும் கட்டி, பிறகு வேதிச் சோதனையோடு ஒப்பிட்ட அந்த ஒழுங்கு உங்களுக்கும் பொருந்தும். வாய்க்கால் தூர்வதையும் நீர் உப்புக் கரிப்பதையும் தினமும் இறங்குபவர் குறித்துவைக்கலாம். அந்த வேலைக்குக் கூலி கொடுங்கள். பணம் தந்தால் பதில் கோணும் என்று சில பேராசிரியர்கள் சொல்வார்கள். பேட்டிக்குப் பணம் தருவதில் அந்த ஆபத்து ஓரளவு உண்டு என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு நாள் தொழிலைக் கெடுத்துக் கூட வருபவருக்குக் கூலி தருவதில் இல்லை.

எதைப் பதிவு செய்யக்கூடாது என்பதை யாரும் வகுப்பில் சொல்லித் தருவதில்லை. பிச்சாவரம் காப்புக்காடு. உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்காக அறிக்கையின் பிரதியை அவர்களுக்குத் தருவீர்கள். அதில் எந்த வாய்க்காலில் யார் இறங்குகிறார், எங்கே விறகு எடுக்கிறார் என்று ஜி.பி.எஸ். காட்டும் துல்லியமான இடக்குறிப்போடு வரைபடம் போட்டால், அது நாளை வழக்கில் சாட்சியாகும். உடும்பு வேட்டை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கடும் குற்றம். பழைய கதையாக ஒருவர் சொன்னதைக்கூடப் பெயர் தெரியும்படி எழுதாதீர்கள். சிறு குடியிருப்பில் பெயரை மறைத்தால் போதாது. 'கணவரை இழந்த, இறால் பிடிக்கும், அறுபது வயதுப் பெண்' என்றால் ஊரே விரல் நீட்டும். இடத்தை மங்கலாக்குங்கள், விவரங்களைக் கலையுங்கள், சிலவற்றைக் குறிப்பேட்டிலும் எழுதாமல் விடுங்கள். செடிகளைப் பற்றிய அறிவைப் பதிவு செய்கிறீர்கள் என்றால் 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டமும் அதன் 2023 திருத்தமும் குறுக்கே வரும். மாதிரியையோ முடிவையோ வெளிநாட்டவரோடு பகிரும் எண்ணம் இருந்தால், சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி தேவைப்படலாம். சட்டம் தெரிந்த ஒருவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

சரி, மூன்று மாதத்துக்கான நேரடிப் பதில். கேள்வித்தாளையே முதன்மையாகக் கொள்ளாதீர்கள். ஒரே ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மாதிரி எடுக்காமல், விருப்பமுள்ள எல்லா வீடுகளிலும் பேசுங்கள். சிறிய குடியிருப்பில் 'எத்தனை பேர் போதும்' என்ற கேள்வியே எழாது. முதல் மூன்று நான்கு வாரம் குறிப்பேடு மட்டும். கேள்வியைத் திருத்திக்கொள்வதற்கான காலம் அது. அடுத்து ஆண்களோடு ஒன்றும் பெண்களோடு ஒன்றுமாக இரு குழுக் கூட்டங்கள், பருவ நாட்காட்டிக்காக. பிறகு வீடு வீடாக ஒரு குறுகிய கேள்வித்தாள், பத்துக் கேள்விக்கு மேல் வேண்டாம். இணையாக, கூலி பெற்று எழுதும் இருவரின் தினக்குறிப்பும் உங்கள் அளவீடுகளும். கடைசி இரண்டு வாரத்தைக் காலியாக வையுங்கள்: ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு முன்னால் முடிவுகளைத் தமிழில், வாய்மொழியாக, படங்களோடு அவர்களிடம் சொல்லி, அவர்கள் மறுப்பதையும் ஏட்டில் சேர்ப்பதற்காக. மறுப்பை ஏன் சேர்க்க வேண்டும் என்று நெறியாளர் கேட்டால், சரிபார்ப்பின் ஒரு படி என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. ஐப்பசி, கார்த்திகையில் தொடங்காதீர்கள், மழையும் புயலும் பாதி நாளைத் தின்றுவிடும். தை பிறந்ததும் தொடங்கலாம். மாசி மகத்தை ஒட்டிச் சில நாட்கள் எந்தக் கூட்டமும் வைக்க வேண்டாம். தங்கள் தெய்வமான கன்னியம்மனைக் கும்பிட மாமல்லபுரம் கடற்கரைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள்.